சட்டையின் உள்விளிம்பில் எமீமாள்

களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில், வாவியைப் பார்த்தபடி ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயில் இருக்கிறது. நாற்பது குடும்பங்களுக்கு மேல் இல்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரும் பிள்ளையின் பேரை அன்றுவரை யாரும் வெளியில் சொல்வதில்லை. தாய் தகப்பனுக்குத் தெரியும். மூன்றாவதாகத் தெரிந்தவள் சட்டை தைப்பவள். வெள்ளைச் சட்டையின் உள்விளிம்பில் வெள்ளை நூலால் அந்தப் பேரை அவள் தைத்துக் கொடுப்பாள். போதகர் பேரைக் கேட்கும்போது தாய் விளிம்பைத் திருப்பிப் பிடிப்பாள். அவர் அதை வாசித்த பிறகுதான் பிள்ளையின் தலையில் தண்ணீர் வைப்பார்.

எட்டு வருடங்களாக அந்தச் சட்டைகளைத் தைப்பவள் தனுஷா.

தனுஷா அந்தக் கோயிலில் பிறந்து வளர்ந்தவள் அல்ல. பாலத்துக்கு அப்பால், படுவான்கரையில், பழுகாமத்து வினாயகமூர்த்தியின் மூத்த மகள். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வினாயகமூர்த்தியும் மூத்தவளுக்கென்று அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரையும் ஏற்றியிருந்தார். அந்த வீட்டுக்கு வயரிங் வேலை செய்ய வந்தவன் அருள்நேசன். வேலை முடிந்து மூன்று மாதத்தில் தனுஷா அவனோடு பாலத்தைக் கடந்துவிட்டாள். தகப்பன் சத்தம் போடவில்லை. அடுத்த தையில் வீட்டைச் சின்ன மகளுக்கு எழுதினார்.

அருள்நேசனுக்கும் வீடு இல்லை. தாய்வீடு அவனுடைய அக்கா ஜெனிற்றாவுக்குப் போயிருந்தது. ஜெனிற்றா தன் வளவின் ஓரத்தில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் இறக்கிக் கொடுத்தாள். கொடுத்ததை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. காலையில் பால்தேத்தண்ணி போட்டால் ஒரு கோப்பை வேலிக்கு மேலால் வரும். முருங்கைக்காய் ஆய்ந்தால் பாதி வரும். ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால் தனுஷாவுக்கு மனம் ஆறியிருக்கும். சொல்லாததால் ஒவ்வொரு கோப்பைத் தேத்தண்ணியும் தொண்டையில் நின்றுதான் இறங்கியது.

அவள் வேதத்தைத் தானாகவே படித்தாள். ஞாயிறு பள்ளியில் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் பாய்ந்து போகும் இடங்களை எல்லாம், வம்ச வரிசைகளை எல்லாம், விரல் வைத்துப் படித்தாள். பேர் வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். பிறகு சீ.ஆர். கொப்பி என்னும் தடித்த குறிப்பேடு ஒன்று வாங்கினாள். பேர், கருத்து, அதிகாரம், அந்த ஆள் கடைசியில் என்ன ஆனார், வீட்டில் கூப்பிடும் பேர், ஞானஸ்நானத் திகதி என்று கோடு கீறினாள். பத்து வருடத்துக்குள் ஒரே பேர் இரண்டு பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று அவளாக ஒரு விதியும் வைத்தாள். இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் கொப்பி இல்லாமல் அந்தக் கோயிலில் பேர் வைப்பதில்லை என்றாகிவிட்டது. வேதம் எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆனாலும் கருத்துக் கேட்க தனுஷாவிடம்தான் வந்தார்கள்.

ஒருமுறை வாவியில் வலை வீசுகிற ஒருவன் மகனுக்கு யோனா என்று வைக்க வேண்டும் என்று வந்தான். தண்ணியில் தொழில் செய்கிறவன், மீன் விழுங்கிய ஆளின் பேரையா வைப்பது, கொஞ்சம் யோசியுங்கள் என்று அவள் சொன்னாள்.

"அவர் உசிரோட வந்து சேந்தவர்தானே, தங்கச்சி," என்றான் அவன். "எங்கட ஆக்களில எத்தினை பேர் அப்பிடி வந்திரிக்காங்க?"

அவள் அந்தப் பேரையே தைத்துக் கொடுத்தாள். அப்படித்தான் அவள் வேலை. பிழையைச் சொல்வாள், பிறகு தாய் தகப்பன் விருப்பம்.

ஆனால் பிள்ளை பிள்ளையாகச் சட்டை தைத்துக் கொடுத்த அவளுக்குப் பிள்ளை இல்லை. ஐந்து வருடம், ஆறு வருடம். தாய்மார் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பேரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தத் தாழ்ந்த குரல் அவளுக்குப் பிடிக்காது. அவர்கள் போன பிறகு தண்டுத் தையலை ஒரு நூலிழை பிசகாமல் போடுவாள். பிசகினால் அது பொறாமையில் பிசகியது என்று தனக்கே தெரிந்துவிடும் என்ற பயம்.

கொப்பியின் கடைசித் தாளை மடித்து உள்ளே சொருகியிருந்தாள். அதில் ஒரு பேர் மட்டும். எமீமாள். யோபுவின் மகள். யோபு பிள்ளைகளை எல்லாம் ஒரே நாளில் இழந்தவர். புயற்காற்றில் மூத்தவனின் வீடு இடிந்து பத்துப் பேரும் அதற்குள் போனார்கள். கடைசியில் ஆண்டவர் திரும்பவும் பத்துப் பிள்ளைகளைக் கொடுத்தார். திரும்பக் கிடைத்தவர்களில் மூன்று பெண்கள். அந்த மூவரின் பேர்தான் எழுதியிருக்கிறது. மூத்தவள் எமீமாள். புறா என்று கருத்து. தகப்பன் அவர்களுக்கு ஆண்பிள்ளைகளோடு சரிசமமாகப் பங்கு கொடுத்தார் என்றும் எழுதியிருக்கிறது. வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில், யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியாது. வினாயகமூர்த்தியின் மூத்த மகளுக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் கண் அதிலேயே நின்றுவிடும்.

ஜெனிற்றாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூன்றாவது பெண் என்று ஸ்கானில் தெரிந்தது. பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்த ஒரு பின்னேரம் வெள்ளைத் துணியோடு வேலியைச் சுற்றி வந்தாள். மூத்தவர்களுக்கு அவசரத்தில் பேர் வைத்துவிட்டதாகவும், இவளுக்கு ஆற அமரப் போனில் தேடியதாகவும், புறா என்று கருத்து வருவதாகவும் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எமீமாள், கா. கேட்கவே எவ்வளவு வடிவா இரிக்கு."

தனுஷா துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். வீடு இவளுடையது. வளவு இவளுடையது. பிள்ளை மூன்று. இப்போது மடித்து வைத்த தாளும். அவள் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னது யோசித்துச் சொன்னது போலவே வந்தது.

"மச்சாள், அது யோபுட பிள்ளையல்லோ. புயலில வீடு விழுந்து செத்த பிள்ளையள்."

ஜெனிற்றாவின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியது. அது ஏன் என்று தனுஷாவுக்குத் தெரியும். தெரிந்துதான் புயல் என்ற சொல்லைச் சொன்னாள். எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலில் ஜெனிற்றாவின் மாமி, புருசனின் தாய், தன் முதல் பிள்ளையை, ஒன்பது மாதப் பெண் குழந்தையை, மண்சுவருக்குள் பறிகொடுத்தவள். அந்தக் குடும்பத்தில் கார்த்திகையில் காற்றுச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் பிள்ளைகளை வெளியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

ஜெனிற்றா வேதத்தைத் திறந்து பார்க்கவில்லை. கொப்பி வைத்திருப்பவள் சொல்லிவிட்டாள், அது போதும். பேரைப் போதகரிடம் கேட்கவும் வழக்கம் விடாது. வேறு நல்ல பேர் ஒன்று சொல்லு என்றாள். தனுஷா லீதியாள் என்றாள். இரத்தாம்பரத் துணி விற்ற பெண், சொந்த வீட்டில் அப்போஸ்தலரைத் தங்கவைத்தவள். வீடு உள்ளவளுக்குப் பொருத்தமான பேர் என்று நினைத்துக்கொண்டாள். அதை வாயால் சொல்லவில்லை. அந்தச் சட்டையை எல்லாவற்றிலும் நன்றாகத் தைத்தாள்.

கொப்பியில் லீதியாளின் பக்கத்தை எழுதினாள். பொய்யை எங்கும் எழுதவில்லை. கொப்பியில் பிழை இருக்கக்கூடாது.

மூன்று வருடம் கழித்து தனுஷாவுக்கு நாள் தள்ளியது.

முதலில் ஓடிவந்தவள் ஜெனிற்றாதான். பஸ் ஒழுங்காக ஓடாத நாட்களில் யாருடைய முச்சக்கரவண்டியையாவது பிடித்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். ஏழாம் மாதம் தனுஷா நூல் வாங்கக் காத்தான்குடிக்குப் போனபோதும் கூடப் போக நின்றாள். தனுஷா வேண்டாம் என்று தனியாகப் போனாள். நூல்கடை நிஸ்றா அவளைக் கதிரையில் இருத்தி, கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்டாள். ஒன்பது என்றாள் தனுஷா.

"அல்லாஹ் பொறுமைக்குத் தருவான் டீச்சர்," என்றாள் நிஸ்றா. சட்டையில் எழுத்துத் தைப்பவளை அவள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். "அய்யூப் நபிக்குப் போனதெல்லாம் திருப்பிக் குடுத்தானே. புள்ளையளையும் குடுத்தான்."

அய்யூப் என்றால் யோபுதான். தனுஷா வெள்ளை நூல் ஆறு கட்டை எடுத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்று பழுப்பு. அவள் ஒருநாளும் அப்படிப் பிழை விட்டதில்லை.

பிள்ளை பெண். வெள்ளை நிறத்தில் ஒரு தொப்பி போட்டுக் கையில் கொடுத்தார்கள். கண்ணைத் திறந்து பார்த்த அந்தக் கணமே தனுஷா மனதுக்குள் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். பிறகு வேறு எதைச் சொல்லிப் பார்த்தும் ஒட்டவில்லை. தங்கை பேர் கெத்சீயாளை வைக்கலாமா என்று பார்த்தாள். எமீமாள் செத்தவள் என்றால் கெத்சீயாளும் செத்தவள்தானே. அவள் சொன்ன பொய் மூன்று பேர்களையும் சேர்த்துச் சாகடித்திருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. தன் பிள்ளையின் சட்டைக்குத் தாய் ஊசி பிடிக்கக்கூடாது. வேறு கை தைக்க வேண்டும். அதுவும் அந்தக் கோயிலின் வழக்கம். இதற்கு முன் சட்டை தைத்தவள் செத்துப்போயிருந்தாள். ஜெனிற்றா தானே தைப்பேன் என்று நின்றாள். அவளுக்கு ஊசி வேலை வராது. ஒரு மாதமாகப் பழைய தலையணை உறையில் எழுத்துப் பழகினாள். எழுத்துகள் எல்லாம் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி ஒரு பக்கம் சரிந்தன. தனுஷா பார்த்துப் பல்லைக் கடித்தாள். பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்கரைத்துக் கறி வைத்து வேலிக்கு மேலால் தருகிறவளிடம் தையல் கோணல் என்று எப்படிச் சொல்வது?

பேர் கேட்டு இரண்டு முறை வந்தாள். இன்னும் முடிவாகவில்லை என்று தனுஷா அனுப்பிவிட்டாள். மூன்றாம் முறை ஞானஸ்நானத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெனிற்றா வந்து குசினி வாசலில் குந்தினாள். லீதியாள் பக்கத்தில் மண்ணில் கோடு கீறி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் பேர் சொன்னவ நீ. உன்ட பிள்ளைக்கு வாயில வருகுதில்லையா? சொல்லு கா, எழுத்துப் பழகோணும்."

தனுஷா உள்ளே போய் வேதத்தை எடுத்து வந்தாள். யோபுவின் கடைசி அதிகாரத்தைத் திறந்து, பென்சில் கோடு போட்ட இடத்தில் விரலை வைத்து, அவள் மடியில் வைத்தாள். வாயால் சொல்வதைவிட அது இலகுவாக இருந்தது. ஜெனிற்றா மெதுவாக வாசிக்கிறவள். முதல் தரம் வாசித்து முடித்தாள். திரும்ப மேலிருந்து வாசித்தாள். பிறகு தாள்களைப் பின்னுக்குத் தள்ளி முதல் அதிகாரத்துக்குப் போனாள்.

"செத்த பிள்ளையள்ற பேர் எங்க கிடக்கு?"

"இல்ல மச்சாள். அதுகள்ற பேரை எழுதல்ல."

"அப்ப இது பிறகு பிறந்த பிள்ளையள்."

"ஓம்."

"தெரிஞ்சுதான் சொன்னயா?"

தனுஷா ஓம் என்றாள். மடித்த தாளையும் எடுத்துக் காட்டினாள். அந்தப் பேரைத் தான் முதலில் எடுத்து வைத்திருந்ததாகச் சொன்னாள். சொல்லும்போதே அது நியாயமாக ஒலிக்கவில்லை.

ஜெனிற்றா வேதத்தை மூடினாள்.

"அந்தப் பேரை வைக்கப் பாத்தன், நல்ல காலம் தப்பினன் எண்டு மாமிட்டச் சொன்னன். அவ மூணு நாள் தின்னல்ல. ஆண்டவர் தன்ட புள்ளைய ஞாபகம் வெச்சுக் கேக்கிறார் எண்டு அழுதவ. நான் என்னத்தைச் சொல்ல ஏலும்? உன்னைக் கும்பிட்டன், தடுத்துப்போட்டாய் எண்டு."

துணியையும் தையல் வளையத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று வேலிக்கு மேலால் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. இத்தனை வருடம் தொண்டையில் நின்ற தேத்தண்ணி வராமல் போனபோது தனுஷாவுக்கு வாய் உலர்ந்தது. லீதியாள் வேலிக்கு வந்து பிள்ளையைப் பார்க்கக் கேட்டாள். உள்ளிருந்து தாய் கூப்பிட்டுக்கொண்டாள். அருள்நேசன் என்ன நடந்தது என்று கேட்டான். முழுவதையும் சொன்னாள். போய் அக்காவின் காலில் விழு என்றான் அவன். போனாள். ஜெனிற்றா கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. தனுஷா மாமியிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னாள். அப்போதுதான் நிமிர்ந்தாள். சொல்லு என்றாள். தனுஷா கைப்பிள்ளையோடு போய் அந்தக் கிழவிக்கு யோபுவின் கடைசி அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தாள். கிழவி திரும்ப வாசிக்கச் சொன்னாள். பிறகு பிள்ளையைத் தரும்படி கையை நீட்டினாள்.

சனிக்கிழமை காலையில் சட்டை வந்தது. ஜெனிற்றாவே கொண்டுவந்தாள். உள்விளிம்பில் பேர் இருந்தது. எழுத்துகள் சரிந்துதான் இருந்தன. ஓரிடத்தில் குத்துப்பட்ட விரலின் இரத்தம் ஊசிமுனை அளவில் பழுப்பாய்க் காய்ந்திருந்தது.

"உன்ட மகளுக்கு இந்தப் பேர் கோயில்ல," என்றாள். "என்ட மகளுக்கு இனி வீட்டில. நான் அப்பிடித்தான் கூப்பிடுவன். நீ ஒண்டும் சொல்லப்படாது."

தனுஷா சட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் சரிந்த எழுத்துகளை வாசிக்கக் கண்ணைச் சுருக்கினார். எமீமாள் என்று சத்தமாகச் சொன்னார். இரண்டாம் வரிசை வாங்கிலிருந்து லீதியாள் என்ன என்று கேட்டாள். ஆட்கள் சிரித்தார்கள். ஒரு நாளைக்குள் அவள் அந்தப் பேருக்குப் பழகியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து தனுஷா கொப்பியை எடுத்தாள். மகளின் பக்கத்தை எழுதினாள். பிறகு லீதியாளின் பக்கத்தைத் திறந்தாள். வீட்டில் கூப்பிடும் பேர் என்ற இடம் நாலு வருடமாக வெறுமையாக இருந்தது. கொப்பியில் பிழை இருக்கக்கூடாது. எமீமாள் என்று எழுதினாள். திகதியும் போட்டாள்.

இப்போது அவளுடைய பிள்ளைக்கு ஆறு மாதம். பாயில் குப்புறக் கிடந்து தலையைத் தூக்குகிறது. தனுஷா பக்கத்தில் இருந்து, சட்டைக்கு விளிம்பு மடித்தபடி, நாளுக்குப் பத்துத் தரம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எமீமா. பிள்ளை தன் விரலைப் பார்க்கிறது, வாசலால் விழும் வெளிச்சத்தைப் பார்க்கிறது. வேலிக்கு அப்பால் இருந்து ஜெனிற்றா அதே பேரைச் சொல்லித் தன் மகளைக் குளிக்கக் கூப்பிடுகிறாள். வாவி வரைக்கும் கேட்கும் குரல். பெரியவள் கிணற்றடிக்கு ஓடுகிறாள்.

சின்னவளும் தலையைத் திருப்பி, அந்தக் குரல் வந்த பக்கத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள்.