மூன்று நாள் மட்டும் நன்றாக ஓடிய கார்

என் மகளுக்கு மூன்று வயதான அந்த வருடம் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மூச்சு சரியில்லை. ஒன்று அவள். இன்னொன்று எங்கள் கார்.

குளிர்காற்று பட்டாலோ, பக்கத்து மில்லின் பஞ்சுத் தூசி பறந்தாலோ அவளுக்கு இழுப்பு வந்துவிடும். “ஆரம்பிச்சதும் யோசிச்சுட்டு இருக்காதீங்க, உடனே தூக்கிட்டு வந்துருங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். யோசிக்காதே என்று என்னிடம் சொல்வது மழையிடம் நனைக்காதே என்று சொல்வதைப் போல. ஆனாலும் அதற்காகத்தான் கார் வாங்கினோம். என் கணவர் வேலை விஷயமாக வாரத்தில் பாதி நாள் ஈரோட்டில் இருப்பார். சிங்காநல்லூரிலிருந்து டாக்டர் வீடு வரை நான் ஒருத்தியே குழந்தையை வைத்து ஓட்டிப் போக வேண்டும் என்பதால் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

சென்னையில் ஒருவர் ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டு விற்ற கார் அது. அதில் கார்புரேட்டர் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்யும். புகை போகும் குழாயில் ஒரு சென்சார். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது பார்த்துச் சொல்லும். மிச்சம் அதிகம் என்றால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். குறைவு என்றால் குறைக்கும். எவ்வளவு கூட்டினோம், குறைத்தோம் என்பதை ஞாபகமும் வைத்துக்கொள்ளும். காரோடு வந்த புத்தகத்தை இரண்டு முறை படித்து இவ்வளவும் தெரிந்துகொண்டேன். பிஎஸ்சி இயற்பியல் படித்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே உபயோகம் இது.

ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டுமே ஊற்ற வேண்டும் என்றும் அந்தப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்போது அது எல்லா பம்பிலும் கிடைக்காது. அவிநாசி ரோட்டில் ஒரு பம்பில் கிடைத்தது. அங்கே மட்டும்தான் போடுவேன். ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய் எந்தக் குழாயை எடுக்கிறார்கள் என்று பார்த்து நிற்பேன்.

வாங்கி நாலு மாதம் கழித்துக் கார் கெட ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் குலுங்கும், சில சமயம் அணைந்துவிடும். பின்னால் கருப்பாகப் புகை. உள்ளே பெட்ரோல் வாடை. அந்த வாடைக்கே பாப்பா இரும ஆரம்பித்துவிடுவாள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பாய் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கார்புரேட்டரை காதாலேயே டியூன் செய்வார் என்று பெயர் எடுத்தவர். பானெட்டைத் திறந்து, திருகுவதற்கு ஒரு ஸ்க்ரூவும் கிடைக்காமல், கையில் ஸ்க்ரூடிரைவரோடு சிறிது நேரம் நின்றார்.

“ஏனுங்க சிஸ்டர், இதுல நமக்கு ஒண்ணுமே உட்டு வெக்கலீங்களே” என்றார்.

பிறகு பேட்டரி டெர்மினலைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி மாட்டினார். கார் பூப்போல ஓடியது. மூன்று நாள். நாலாம் நாள் மறுபடியும் குலுக்கல், புகை, வாடை.

இப்படி ஐந்து முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஏதோ ஒன்றைச் சுத்தம் செய்வார், மூன்று நாள் ஓடும், கெடும். என் கணவர் ஈரோட்டிலிருந்து வரும்போதெல்லாம் கார் அந்த மூன்று நாளில் இருக்கும்.

“நல்லாத்தானே ஓடுது? நீ கிளட்ச்ல கால வெச்சுட்டே ஓட்டுவே.”

“காலை எடுத்துட்டுத்தானுங்க ஓட்டறேன்.”

“எடுத்துட்டதா நெனச்சுக்குவே.”

அது என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஓட்டும்போது பாதி நேரம் என் இடது காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அது இன்னும் மோசம்.

ஒரு நாள் மாலை பாப்பாவுக்கு இழுப்பு வந்தது. பக்கத்து சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்து, ஒரு கையால் அவள் மார்பைத் தொட்டுக்கொண்டே ஓட்டினேன். சிக்னலில் கார் அணைந்தது. சாவியைத் திருப்பினேன், இருமியது, அணைந்தது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தபடியே இருந்தார். கடைசியில் காரை நடு ரோட்டில் அப்படியே விட்டுவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். டாக்டர் வீட்டில் அவளுக்கு மருந்துப் புகை பிடிக்கும்போதுதான் கவனித்தேன், என் ஒரு காலில் செருப்பு இல்லை.

அதன் பிறகு எனக்கு அந்தக் காரை நம்ப முடியவில்லை. அடுத்த முறை ஆட்டோ கிடைக்காவிட்டால்?

காரை இழுத்து வந்த பாயும் அதோடு விளையாட்டை நிறுத்தினார். ஒரு மீட்டரைக் கொண்டுவந்து சென்சார் வயரில் மாட்டினார். முள் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் பார்த்துச் சொன்னேன். முள் அடியில் படுத்துக் கிடந்தது.

“இந்த மூக்கு செத்துப்போச்சுங்க சிஸ்டர். பெட்ரோல் அதிகமா எரிஞ்சாலும் பத்தல பத்தலன்னே பொய் சொல்லிட்டு இருக்குது. டெர்மினலக் கழட்டினா கம்ப்யூட்டருக்கு எல்லாம் மறந்து போயிருது, ஒழுங்கா ஓடுது. அப்பறம் இது சொல்ற பொய்யக் கேட்டுக் கேட்டு மறுபடியும் கூட்டிருது.”

“அப்போ என் கிளட்ச் கால் இல்லீங்களா?”

“கிளட்சுக்கும் இதுக்கும் என்னங்க இருக்குது?”

இதை எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது.

சென்னையிலிருந்து புது சென்சார் வர மூன்று வாரம் ஆனது. அது வந்த பிறகு ஐந்து வாரம் கார் ஒழுங்காக ஓடியது. ஆறாவது வாரம் பழையபடி புகை. பாய் அந்தப் புது சென்சாரைக் கழற்றி வெயிலில் பிடித்துக் காட்டினார். நுனியில் சாம்பல் அப்பியதுபோல் இருந்தது.

“கரியா இருந்தா கருப்பா இருக்கோணும். இது ஈயமுங்க. சாதா பெட்ரோல் எங்கியோ உள்ள போயிருக்குது.”

“அந்த ஒரு பம்ப் தவிர எங்கயும் போட்டதில்லீங்க.”

“சாதா பெட்ரோல் குழாயோட நாசில் இந்த வண்டி வாயில நுழையவே நுழையாது. தப்பிப் போட்டுரக் கூடாதுன்னே சின்னதா வெச்சிருக்கறாங்க. அப்பறம் எப்படிப் போச்சு?”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், என்றைக்காவது ஒரு நாள் நான் குழாயைப் பார்க்காமல் பாப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேனா என்றே யோசித்தேன். நின்றிருப்பேன். நிச்சயம் நின்றிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் கணவரிடம் சொன்னபோது, தட்டைப் பார்த்தபடியே, “அப்பா கொஞ்சம் ஊத்துவாரு” என்றார்.

“எங்கீங்க?”

“கோபியிலதான். நாசில் நுழையலைன்னு கேன்ல வாங்கி வெச்சுப் புனல்ல ஊத்துவாரு.”

“எப்பவாவதா?”

“போறப்பெல்லாம்தான். ஒரு பத்து லிட்டர்ல என்ன ஆயிறப் போகுதுன்னு...”

நான் ரசத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஊற்றினேன். வேண்டுமென்று இல்லை என்றுதான் அன்று சொன்னேன்.

கோபிசெட்டிபாளையத்தில் என் மாமனார் வீடு, வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காத வீடு. மோர் வந்த சொம்பில் எலுமிச்சம்பழமாவது போட்டு அனுப்புவார்கள். மகன் கார் வாங்கியதும் பாத்திரக் கணக்கில் பெட்ரோல் டேங்கும் சேர்ந்துகொண்டது எனக்குத் தெரியாது. நாங்கள் கிளம்பும் நாளில் மத்தியானம் நான் பாப்பாவைத் தூங்க வைக்கும் நேரத்தில் அவர் அதில் ஊற்றிவைத்துவிடுவார். திரும்பும்போது என் கணவர்தான் ஓட்டுவார். பெட்ரோல் முள் ஏறியிருந்ததை அவர் பார்ப்பார், நான் பார்த்ததில்லை.

“அப்பாகிட்டச் சொல்லிருங்க.”

“சொல்லிடறேன்.”

மூன்றாவது சென்சார் மாட்டிய பிறகு கோபிக்குக் கிளம்பினோம். வழியில் நம்பியூரில் கேட்டேன், சொல்லியாயிற்றா என்று. போனதும் சொல்லிக்கொள்கிறேன் என்றார். போனதும் சாப்பிட்டார். சாப்பிட்டதும் படுத்தார். பாப்பாவைத் தட்டிக்கொண்டிருந்த எனக்கு வாசலில் தகர மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால், வெயிலில் மாமனார். தலையில் துண்டு, கையில் கேன், கார் வாயில் புனல், புனல் மேல் ஒரு வெள்ளைத் துணி. பாதிக் கேன் உள்ளே போயிருந்தது.

“மாமா, கொஞ்சம் நிறுத்துங்க.”

“ஏனம்மணி வெயில்ல வந்து நிக்கறே? இதா முடிஞ்சுது.”

“அந்தப் பெட்ரோல் இந்த வண்டிக்கு ஆகாதுங்க மாமா.”

“நல்ல பெட்ரோலு கண்ணு. துணி வெச்சு வடிகட்டித்தான் ஊத்தறேன், ஒரு தூசி போகாது.”

தூசியைப் பற்றி இல்லை என்றேன். ஈயம் என்றேன், சென்சார் என்றேன், அது எப்படிக் கெடும் என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே கேனைச் சாய்த்தபடி இருந்தார். கடைசியில், “பாப்பாவுக்கு இழுப்பு வந்தன்னிக்கு வண்டி ரோட்டுல நின்னு போச்சில்லீங்களா? அது இதனாலதானுங்க” என்றேன்.

கேன் நிமிர்ந்தது.

“நான் பண்ணிப்போட்டனா?”

“இல்லீங்க மாமா.” பிறகு அதுவும் பொய் என்று பட்டது. “ஆமாங்க மாமா.”

“முன்னமே சொல்லியிருக்கலாமல்ல அம்மணி. அவனுக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், “டேய், எந்திரிச்சு வா” என்றார்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் டேங்கைக் காலி செய்தால் சென்சார் தப்பிக்கும் என்று நான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா என்று சந்தேகம் வந்தது, ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மோட்டார் ரூமிலிருந்து ஒரு சன்னமான டியூப் வந்தது. அதை டேங்கில் விட்டு வாயால் உறிஞ்சும் வேலையை மாமனார் தன் மகனுக்குக் கொடுத்தார். இரண்டு முறை பெட்ரோல் என் கணவர் வாய்க்குள் போனது. துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருக்கவில்லை.

டேங்க் காலியானது. நாங்கள் அவிநாசி ரோட்டில் போட்டுக்கொண்டு வந்த நல்ல பெட்ரோலும் அதோடு கலந்து போய்விட்டது. இனி கார் நகர வேண்டுமென்றால் ஈயமில்லாத பெட்ரோல் வேண்டும். கோபியில் கிடைக்காது. இதை மூன்று பேரும் ஒன்றாகத்தான் உணர்ந்தோம் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னல் ஓரம் வேண்டும் என்று பாப்பா அடம் பிடித்தாள். காற்று ஆகாதே என்று நான் அவள் காதைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டே வந்தேன், அவள் அவிழ்த்துக்கொண்டே வந்தாள். அடுத்த ஞாயிறு என் கணவர் இரண்டு கேன் நல்ல பெட்ரோலோடு போய்க் காரை எடுத்து வந்தார். பாய் மீட்டரை மாட்டினார். முள் மேலும் கீழும் ஆடியது. ஒரு நிமிடம் போதும் என்றார் அவர். நான் பத்து நிமிடம் பார்த்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் பாப்பாவை நாலு முறை டாக்டரிடம் கொண்டு போனேன். கார் ஒரு சிக்னலிலும் அணையவில்லை.

கோபியில் அதன் பிறகு டிக்கி நிறையத் தேங்காய் ஏறியது, காரின் பின்புறம் தரையைத் தொடுகிற அளவுக்கு. கிளம்பும்போது மாமனார் பெட்ரோல் மூடியின் மேல் கையை வைத்து, “பத்துமா அம்மணி?” என்று என்னிடம்தான் கேட்பார், மகனிடம் அல்ல.

“பத்துமுங்க மாமா” என்பேன். பிறகு சிங்காநல்லூர் வரும் வரை பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டு வருவேன்.