திரும்பி வந்த இரத்தப் பை

தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்து மருத்துவமனையின் இரத்த ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை, பிரசவத்தில் நிறைய இரத்தம் இழந்த ஒரு பெண்ணின் இரத்தத்தோடு பொருத்திப் பார்த்து ஒரு பை இரத்தம் அனுப்பினேன். சீட்டில் இருந்த நீளமான பெயரே எங்கள் தமிழ் ஆள் என்று சொன்னது.

பதினொரு மணிக்கு அந்தப் பை பாதி இரத்தத்தோடு திரும்பி வந்தது. கூடவே அவளிடம் புதிதாக எடுத்த இரத்தமும் ஒரு குறிப்பும்: நடுக்கம், காய்ச்சல், ஏற்றுவதை நிறுத்திவிட்டோம்.

பிழையான இரத்தம் ஏறினால் உயிரே போகலாம். குழாயை மாற்றி வைத்தேனா, எண்ணைத் தவறாக வாசித்தேனா? காலையில் செய்தது எதுவும் தெளிவாக நினைவுக்கு வரவில்லை.

என்னோடு வேலை செய்த மூத்த ஜெர்மன் பெண் கையுறையை மாட்டினார். "நீ செய்ததை நீயே சரிபார்க்கக் கூடாது. நான் பார்க்கிறேன். போய்த் தண்ணீர் குடி."

வெளியே அந்தப் பெண்ணின் கணவர் நின்றார். பையைக் கொண்டுவந்த தாதியின் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"ரத்தத்தை மாறி ஏத்திப்போட்டினமோ? ஒருத்தரும் ஒண்டும் சொல்லுகினமில்லை."

"இப்பதான் பாக்கினம். கொஞ்சம் பொறுங்கோ, வந்து சொல்லுறன்."

பொருத்தியவள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

உள்ளே, புதிய இரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி எடுத்த குழாயை அந்த மூத்த பெண் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். "வந்து பார்." மேலே நின்ற திரவம் தெளிந்த மஞ்சளாக இருந்தது. சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் அது சிவந்திருக்கும். பெயர், எண், இரத்த வகை எல்லாம் சரி. மறுபடி பொருத்திப் பார்த்தபோதும் அணுக்கள் திரளவில்லை; பொருந்தாவிட்டால் திரண்டிருக்கும். அணுக்களின் மேல் எதிர்ப்பொருள் படிந்திருக்கிறதா என்ற சோதனையிலும் ஒன்றுமில்லை.

"பையிலிருந்த வெள்ளணுக்களால் வந்த காய்ச்சலாகத்தான் இருக்கும். நீ சரியாகத்தான் செய்திருக்கிறாய்," என்றார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கணவரிடம் போய், இரத்தம் மாறவில்லை என்பதோடு, பொருத்தியது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப நீங்களும் பயந்திருப்பியள், என்ன?" என்றார்.

"ஓம், நல்லாப் பயந்திட்டன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பின்னேரம் வெள்ளணுக்களை வடிகட்டிய வேறொரு பை ஏறியது. நடுக்கம் வரவில்லை. பழைய பையில் கிருமியும் இல்லையென்று இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. முடிவு வந்த அன்றே மேல்மாடிக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்தேன். தாய் கட்டிலில் சாய்ந்திருந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.