வளையம் இல்லாமல் விட்ட அம்பு

அந்த வில்லை அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தபோது, எழுபதுகளின் கடைசியில், எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு முனையிலும் கப்பிகள், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். காம்பவுண்டு வில் என்றான். அம்மாவுக்கு அது கிணற்று ராட்டினம் மாதிரி இருந்தது. இழுக்கும்போது பாதி தூரம்வரை உயிர் போகும், அதன் பிறகு பாரம் சட்டென்று இளகிவிடும். நாணில் கண்ணுக்கு நேராகப் பட்டாணி அளவில் ஒரு கறுப்பு வளையம் செருகியிருந்தது. அதன் துளை வழியாகப் பார்த்துத்தான் குறி வைக்க வேண்டும். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட எனக்கு அந்தத் துளைதான் தைரியம். அதற்குள் இலக்கு தெரிந்தால் அம்பு அங்கே போகும், அவ்வளவுதான்.

எங்கள் வீடு அடையாறில் இருந்தது. அப்பாவுக்குத் தியாகராய நகரில் பாத்திரக்கடை. வீட்டின் பின்பக்கம் நீளமான வெற்று இடம், அதன் கடைசியில் ஆள் உயரச் சுவர். சுவரில் ஒரு சின்னக் கதவு. சுவருக்கு அந்தப் பக்கம் மணல் சந்து. ஊரூர் குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா அந்தச் சந்து வழியாகத்தான் வருவாள், அப்படியே திரும்பிப் போவாள். அண்ணன் வைக்கோல் திணித்த சாக்கைச் சுவரில் சாத்தி வைத்திருந்தான். விடுமுறைக்கு வந்தவன் இரண்டு மாதம் எனக்கும் கற்றுக்கொடுத்தான். நானும் சுமாராக விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. கடைக்காரக் குடும்பம், எதையும் விடமாட்டோம். அம்மாவின் தையல் மெஷின், அப்பாவின் சைக்கிள், அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அம்மா, வில்லுக்கும் வைத்தாள். தாராளமாக வைத்தாள். கப்பியில் சந்தனம், கம்பியில் சந்தனம், அந்தச் சின்ன வளையத்தில் அப்பியே விட்டாள்.

மறுநாள் விஜயதசமி. சாமியிடம் வைத்து எடுத்த சாமானை அன்றைக்குக் கட்டாயம் கையாள வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். காலையில் நான்தான் வில்லைத் துடைக்கப் பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். துளையில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஊக்கை எடுத்து நோண்டினேன். வளையத்தைச் சுற்றி ஒரு நூல் கட்டியிருந்தது. சந்தனத்தில் ஊறி விறைத்துப்போன அதை, பூஜையில் ஒட்டிக்கொண்ட திரி நூல் என்று நினைத்துப் பிய்த்து எறிந்தேன். வளையத்தை நாணில் பிடித்து வைத்திருந்ததே அந்த நூல்தான். இன்னொரு நோண்டலில் வளையம் துள்ளி விழுந்து, உருண்டு, சாக்கடைத் துளைக்குள் போய்விட்டது. தண்ணீர் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

நான் எழுந்தபோது மீன்காரம்மா பின்கதவருகே நின்றுகொண்டிருந்தாள். நவராத்திரி என்பதால் வீட்டில் மீன் இல்லை. பொரிகடலை வாங்கிப்போக வந்திருந்தாள். அம்மா முந்தானை நிறையப் பொரி போட்டாள், அவள் முடிந்துகொண்டாள். நான் வில்லைக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தேன்.

வைத்த கையோடு அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். "வளையம் எங்க?"

அண்ணன் திட்டுவான் என்பதைவிட, வெளிநாட்டுச் சாமானைப் பாழாக்கினவள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்வாள் என்ற பயம். "தெரியல. தொடைக்கும்போது இருந்துச்சு" என்றேன்.

அம்மா பின்கதவுக்கு ஓடினாள். "ஏம்மா, நில்லு. இங்கன ஒரு சின்ன வளையம் கெடந்துச்சு, நீ பாத்தியா?"

கேள்விதான். ஆனால் அதைக் கேட்ட விதம் எல்லோருக்கும் புரிந்தது. மீன்காரம்மா திரும்பி வந்து கூடையை இறக்கினாள். "நான் இன்னாத்துக்கும்மா அத்த எடுக்கப் போறேன்" என்றவள், முந்தானை முடிச்சை அவிழ்த்து உதறினாள். பொரி முழுக்கத் தரையில் கொட்டியது. காலிக் கூடையையும் கவிழ்த்துக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நான் கொட்டிக் கிடந்த பொரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "பூஜையில வச்சு எடுத்தத தொடாம வைக்கப்படாது" என்று அம்மா நின்றாள். அண்ணனும், "அது இல்லாமலும் விடலாம். கை தாடையில எப்பவும் ஒரே எடத்துல வந்து நிக்கணும், நாண் மூக்கு நுனியத் தொடணும். வேறொண்ணுமில்ல" என்று சொல்லி மூன்று அம்பு விட்டான். மூன்றும் சாக்கில் போய்க் குத்தின. அடுத்து நான்.

வில்லை இழுத்தேன். பாரம் இளகியது. துளை இருந்த இடத்தில் இப்போது மங்கலான நாண் மட்டும். அது ஒன்றா இரண்டா என்றுகூடத் தெரியவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்தது. கை தாடையில் இருக்கிறதா, கழுத்துக்கு இறங்கிவிட்டதா? மூக்கைத் தொடுவது நாணா, வியர்வையா? இறக்கி வைத்துவிடலாம் என்றால் அதற்கும் பயம், இளகின பாரம் திரும்பி வரும்போது வெடுக்கென்று கையைப் பிடுங்கும். தோள் நடுங்க ஆரம்பித்தது. விடு என்றும் விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை. விரல் தானாக விட்டுவிட்டது.

நாணை இழுத்த கை கீழே இறங்கினால் அம்பு மேலே போகும். அது சுவருக்கு ஒரு முழம் மேலே போனதை நான் பார்த்தேன்.

அந்தப் பக்கம் ஏதோ சத்தம். கூடை விழுந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அண்ணன் சாக்கில் குத்தியிருந்த தன் மூன்று அம்புகளையும் பிடுங்கி வைத்துவிட்டு, துணி துவைக்கும் கல்மேல் ஏறி எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை என்றான். நான் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். சந்தில் ஆள் இல்லை, அம்பும் இல்லை. மணலில் சிவப்பாக ஒரு கறை, உள்ளங்கை அகலத்துக்கு. வெற்றிலைச் சாறு, வெற்றிலைச் சாறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மீன்காரம்மா எப்போதும் வெற்றிலை போட்டிருப்பாள். குனிந்து பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு வந்தேன். கொலைகாரி செய்கிற காரியம் என்று அப்போதே தோன்றியது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. "திருட்டு முழி முழிச்சா, இனி எந்த மொகத்தோட வருவா" என்றாள் அம்மா. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் போலீஸ் என்று நினைத்தேன். அம்பு குத்தின ஆள் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அண்ணனோ, அம்பை யாரோ எடுத்துப்போய்ப் பழைய பேப்பர்காரனிடம் போட்டிருப்பார்கள் என்று அதை மறந்தேவிட்டான்.

மூன்றாம் நாள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் குப்பத்துக்குப் போனேன். படகுகளுக்கு நடுவே ஒரு பெண்ணிடம் கேட்டபோது, "அதோ, அந்த வூடு. ரெண்டு நாளா வெளியவே வரல" என்றாள்.

அவள் வாசலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். முழுதாக இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள், அவள் முகமும் வெளுத்துப்போனது. உள்ளே போய், பழைய புடவைத் துணியில் சுற்றிய அம்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"நான் திருடல பாப்பா. வூட்டுக்குத் திரும்பிப் போய்க்கினு இருந்தேன், முன்னால வந்து நட்டுக்கினு நின்னுச்சு. பயத்துல வாயில கீற வெத்தலய துப்பிட்டேன். அங்கயே வுட்டா, இதயும் நான்தான் எடுத்தேன்னு சொல்வீங்க. எத்துகினு வந்து குடுத்தா, அந்த வளையம் எங்கன்னு கேப்பீங்க. இன்னா பண்றதுன்னு தெரியல. ரெண்டு நாளா தூக்கமில்ல."

நான் அவளைக் கொன்றுவிட்டேனோ என்று பயந்த இரண்டு நாளும், அவள் எங்களுக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. "வளையத்த நீங்க எடுக்கல. நான்தான் நோண்டி சாக்கடையில போட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "குழாயாண்ட நீ குந்திக்கினு இருந்தப்பவே பாத்தேன்."

"அப்பவே அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீ சொல்லுவேன்னுதான் நின்னுக்கினு இருந்தேன்."

அம்பைத் துணியோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். மறுநாள் காலை பொரி, கடலை, வெல்லம், வெற்றிலை பாக்கு எல்லாம் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துச் சாத்தியிருந்த பின்கதவருகே நின்றாள்.

சந்தில் "மீனே, மீனே" என்ற அவள் குரல் வந்தது. எங்கள் கதவு வந்ததும் நின்றது. காலடிச் சத்தம் மட்டும் மெதுவாகக் கடந்துபோனது. பிறகு அடுத்த வீட்டு வாசலில் அந்தக் குரல் மறுபடி கேட்டது.