நான் வழிமொழிந்த சம்பளம்

அவுஸ்திரேலியாவுக்குப் போகப்போவதாகச் சொன்னபோது என் மகள் ஒரேயொரு காரணம்தான் சொன்னாள். சம்பளம் காணாது.

"எங்களுக்கு இந்த முறையும் இன்கிரிமென்ட் இல்லை எண்டிட்டினம் அம்மா. எங்கட பெரியவர் மட்டும் எவ்வளவு எடுக்கிறார் தெரியுமோ?"

பெரியவர் என்றால் அவள் வேலை செய்யும் கம்பனியின் தலைமை நிர்வாகி. அதே கம்பனியில் என் கணவர் விட்டுப்போன கொஞ்சப் பங்குகள் என் பெயரில் இருக்கின்றன. வருஷா வருஷம் தபாலில் வரும் தடித்த ஆண்டறிக்கையை நான் திறந்தே பார்த்ததில்லை. எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் கடல் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளும். அதற்கு முட்டுக் கொடுக்க நல்ல சாமான். அன்று அதை எடுத்துப் புரட்டினேன். இயக்குநர்கள் எல்லோருடைய சம்பளத்தையும் சேர்த்து ஒரே தொகையாகப் போட்டிருந்தார்கள். அதில் பெரும்பங்கு பெரியவருக்குத்தான் என்றாள் மகள். வங்கிக் கவுண்டரில் தலை நரைக்கும்வரை நான் உழைத்தது எல்லாவற்றையும் கூட்டினாலும் அதன் கிட்டப் போகாது. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டாமா? அந்த மனுசன் என்ன, தங்கத்திலா சோறு தின்கிறார்?

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அந்த ஆளுடைய சம்பளத்தில் ஒரு துண்டை வெட்டிக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுத்தால் அவள் போகமாட்டாள் என்று எனக்குப் பட்டது. பங்குதாரர்களின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நேரே கேட்டுவிடுவதென்று வெளிக்கிட்டேன்.

"ஐயோ அம்மா, மானத்தை வாங்காதேங்கோ!" என்று மகள் கத்தினாள். நான் கேட்கிற ஆளா?

கொழும்பில் இந்தக் கூட்டங்களுக்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் பங்கு வைத்திருப்பார்கள். தேநீரோடு தின்னத் தரும் பற்றிஸுக்காகவே ஒரு கூட்டத்தையும் தவறவிடமாட்டார்கள். ஹோட்டல் மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கொட்டாஞ்சேனைக்காரர் வந்து அமர்ந்தார். பற்றிஸ் கொண்டுபோகப் பைக்குள் பொலித்தீன் உறையை இப்போதே விரித்து வைத்திருந்தார்.

"கேள்வி இருந்தா கையைத் தூக்குங்கோ தங்கச்சி, மைக் கொண்டு வருவினம்" என்றார். என் கேள்வி என்னவென்று சொன்னேன். யோசித்தார். "நாட்டில டொலர் இல்லாத காலத்தில ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பாமல் கொண்டு இழுத்த மனுசன் அவர். வேற ஆள் எண்டா கம்பனியைப் பூட்டியிருப்பான். ஆனா அதுக்கு இவ்வளவோ எண்டு கேட்டா, எனக்கும் தெரியாது."

எனக்குக் கோபம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அதை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கேள்வியை ஆங்கிலத்தில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் என்ன நடக்கிறதென்று கவனிக்கவில்லை. திடீரென்று பேச்சு நின்றது. இதுதான் சமயமென்று கையைத் தூக்கினேன். கூட்டத் தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "தாங்க் யூ மேடம்" என்றுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். மைக் வரவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரர் தலையில் கைவைத்தார். "என்ன வேலை பாத்தியள்! பெரியவரைத் திருப்பியும் இயக்குநராப் போட ஆர் வழிமொழியிறது எண்டெல்லோ கேட்டவை!"

தேநீர் நேரத்தில் பெரியவரே நன்றி சொல்ல வந்தார். கொழுத்த ஆளை எதிர்பார்த்திருந்தேன். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, தேநீரைச் சீனி போடாமல் குடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என் மகள் இன்னாரென்றும், சம்பளம் காணாமல்தான் நாட்டை விட்டுப் போகிறாளென்றும் படபடவென்று கொட்டினேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "உங்கள் மகளா அவர்? நானே கூப்பிட்டு, போகவேண்டாமென்று கேட்டேன். சம்பளத்தை நன்றாகவே கூட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன்" என்றார் ஆங்கிலத்தில். "பிரச்சினை சம்பளமில்லை என்றுவிட்டார்."

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை பேருக்குள் ஒரு பிள்ளை போவதைக் கவனித்திருக்கிறார், பிடித்து நிறுத்தப் பார்த்திருக்கிறார். அந்தக் கவனத்துக்கு விலை இல்லையா? பஸ் பம்பலப்பிட்டிக்கு வரும் வரைக்கும் நான் அவர் பக்கம் நின்றேன். பிறகு, இவளுக்குக் கூட்ட முடியுமென்றால் மற்றவர்களுக்கு ஏன் முடியாது என்று வயிறு எரிந்தது. இறங்கும்போது எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது.

"கேட்டனீங்களோ?" என்றாள் மகள், கதவைத் திறந்தபடியே.

"எங்க கேட்டது? கையைத் தூக்கி அந்தாளை வழிமொழிஞ்சுபோட்டு வாறன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உனக்குச் சம்பளம் கூட்டித் தாறன் எண்டவராமே" என்றேன். சிரிப்பு நின்றது.

"சம்பளம் காணாது எண்டு சொன்னா ஒருத்தரும் மேல கேக்கமாட்டினம் அம்மா."

"அப்ப ஏன் போறாய்?"

"எனக்குத் தனிய இருந்து பாக்கவேணும். சனிக்கிழமை எண்டா ஆரோ மாப்பிள்ளைச் சாதகத்தோட வந்து நிக்கினம். நான் தேத்தண்ணி குடுத்துக் குடுத்துக் களைச்சுப்போனன்."

அவர்களை வரச் சொல்வது நான்தான், வேறு யார்? ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. இவ்வளவு நாளும் அதற்கென்று ஒரு மனிதர் வசதியாக இருந்தார். இப்படி வீட்டுக்கு வீடு பழியைத் தலையில் வாங்குவதற்குத்தான் அவ்வளவு சம்பளம் கொடுக்கிறார்களோ என்னவோ.

"நான் போகாதை எண்டா நிப்பியோ?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கூட்டத்திலிருந்து கைப்பையில் போட்டுக்கொண்டு வந்த பற்றிஸை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

சனிக்கிழமை வரவிருந்தவர்களுக்குப் போன் எடுத்து வரவேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள்.

"பிள்ளை அவுஸ்திரேலியா போறாள். இங்க சம்பளம் காணாதாம்" என்றேன்.

"ஓமோம், எங்க காணும்?" என்றார்கள். மேலே ஒன்றும் கேட்கவில்லை.