மஞ்சள் கோழைக்குப் பனியன் துணி

சிறுவயதில் எனக்குப் போட்டியாக வந்தது ஒரு மஞ்சள் கோழை, ஈரத்தில் படரும் பூஞ்சை மாதிரியான ஒன்று. வீட்டுக்குப் பின்னால் மக்கிக் கிடந்த தென்னங்கட்டையில், மழை விட்ட ஒரு நாள், உடைந்த முட்டைக்கரு போல அது ஒட்டியிருந்தது. தங்கை அதைத் தட்டில் எடுத்து வந்து பக்கத்தில் கேழ்வரகு மாவு தூவினாள். மறுநாள் பார்த்தால் அது மாவை நோக்கி விரல் விரலாக நீண்டிருந்தது. உயிர் இருக்கிறது என்று குதித்தாள்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்தார் அப்பா. கோழை படுப்பதற்கு ஈரத்துணி வேண்டுமென்று புது வெள்ளைப் பனியன் துணி கொண்டுவந்து நனைத்து விரித்தார். அப்போது என் பனியனில் மூன்று ஓட்டைகள். தினமும் வேலை விட்டு வந்ததும், அது எதுவரை நகர்ந்திருக்கிறது என்று துணியில் சாக்பீஸால் கோடு போடுவார். தங்கை விரலால் அளந்து சொல்வாள். என் பக்கம் யாரும் திரும்புவதில்லை. நானும் வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை இல்லை.

விடுமுறைக்குத் தங்கை காங்கேயத்தில் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீட்டுக்குப் போனாள். தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லித் தட்டை என்னிடம் விட்டுப் போனாள். அந்த வாரம் கம்பெனியில் அவசர வேலை. நான் தூங்கிய பிறகுதான் அப்பா வருவார். நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. ஈரம் வற்ற வற்ற அது சுருங்கி, மேலெல்லாம் சளி போல வழவழவென்று எதையோ விட்டது. சாகப் போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கடைசியில் காய்ந்த பொருக்காகத் துணியோடு ஒட்டிக்கொண்டது.

தங்கை திரும்பி வந்த அன்று, தண்ணீர் தெளித்தாயா என்று அப்பா கேட்டார். தெளித்தேன் என்றேன். அவள் துணியைத் தொட்டுப் பார்த்தாள். காகிதம் போல விறைத்திருந்தது.

"அண்ணன் தெளிச்சிருப்பாருங்கப்பா. வெயில்தான் சாஸ்தி," என்றாள். பிறகு தட்டை என்னிடம் நீட்டினாள். "நீங்களே ஒருக்கா ஊத்துங்கண்ணா."

செத்ததற்கு ஊற்றினால் என்ன என்று ஊற்றினேன். மறுநாள் பொருக்கின் ஓரத்தில் மஞ்சள் கசிந்து, நரம்பு நரம்பாகப் பரவியிருந்தது. அப்பா மறுபடி கோடு போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் வரும்வரை தன்னை மூடிக்கொண்டு உறங்கத்தான் அது அந்தச் சளியை விட்டது என்று, இப்போது டீச்சராக இருக்கும் தங்கை சொல்லித்தான் தெரியும்.

அடுத்த வாரம் அப்பா எனக்கு ஒரு புதுப் பனியன் கொண்டுவந்தார். கம்பெனியில் மீந்தது என்றார். எனக்கு அளவு கச்சிதமாக இருந்தது. நானும் நம்பிப் போட்டுக்கொண்டேன். அந்தக் கம்பெனியில் பெரியவர்கள் அளவைத் தவிர வேறு எதுவும் தைப்பதில்லை என்பது, சில வருடம் கழித்து நானே அங்கு வேலைக்குப் போனபோதுதான் தெரிந்தது.