ஜஹீதா குடிக்கும் தண்ணீர்

தியாகராய நகரில் ஒரு தையற்கடையின் மாடியில் பீர் முஹம்மது கட்டிங் மாஸ்டராக இருந்தார். துணியை விரித்துப் பார்த்ததும் அதில் எத்தனை சட்டை தேறும் என்று சொல்லிவிடுவார். வீட்டில் மட்டும் ஒரு பல்பு போனால்கூட அவர் கை ஓடாது. மந்தைவெளியில் இருந்த அந்த இரண்டாம் மாடி வீட்டை இத்தனை காலமும் நடத்தியது அவர் மனைவி ஜஹீதாதான்.

ஜஹீதாவுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து கீமோ ஏற்றத் தொடங்கியபோது, அவர் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். மகள் ஆஃப்ரீன் கைக்குழந்தையோடு ஷார்ஜாவில் இருந்தாள். "நான் வந்துடட்டா அத்தா?" என்று ஒவ்வொரு போனிலும் கேட்பாள். "நான் கீறேன்ல, நீ புள்ளையப் பாரு" என்பார் இவர்.

இருந்தாரே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் கண்ணைத் திறந்தால், "இன்னா வேணும்?" என்பார். மூடிக்கொண்டால், மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளோ ஒரு மடக்கு விழுங்கிவிட்டு டம்ளரைத் தள்ளிவிடுவாள்.

"தண்ணி நல்லால்லங்க. இரும்ப நக்குன மாறி கீது."

அந்த ஒரு வார்த்தை போதும், பீர் முஹம்மது எழுந்து சமையலறைக்குப் போனார். சுவரில் மாட்டியிருந்த, குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷினை முதன்முறையாக உற்றுப் பார்த்தார். பக்கத்தில் கண்ணாடிக் கிண்ணம் போலத் தொங்கிய முன்வடிகட்டி உள்ளே செம்மண் நிறத்தில் இருந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று அவருக்கு ஒரே ஆத்திரம், கூடவே ஒரு சந்தோஷம்.

செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வேலையில் இறங்கினார். குழாயை அடைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்பேனரைப் போட்டுக் கிண்ணத்தைத் திருகினார். சட்டை, தரை, அடுப்புமேடை எல்லாம் தண்ணீர். உள்ளிருந்த அழுக்குப் பஞ்சுக் குழலை எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டார். ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வைக்காததால் மறுநாள் காலையில் கசிந்தது. கழற்றி மறுபடி மாட்டினார். கட்டிலில் படுத்தபடியே ஜஹீதா குரல் கொடுத்தாள்: "அண்டாவ அடில வைங்க மொதல்ல!"

தண்ணீர் சுத்தமாக வந்தது. ஆனால் அவளுக்கு இரும்பு போகவில்லை.

அடுத்து கார்பன் வடிகட்டியை மாற்றினார். தொட்டியைக் கழற்றிக் கழுவினார். மைலாப்பூர் கடைக்குப் போய்த் தண்ணீரில் உப்பு அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி வந்து, பேனா மாதிரி சட்டைப்பையில் குத்திக்கொண்டார். ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து, டிரையல் பார்க்க வந்த வாடிக்கையாளரிடம் நிற்பதைப் போல நின்றார். அவள் ஒரு மடக்கு குடித்துவிட்டு உதட்டைச் சுளித்தாள்.

கடைசியில் உள்ளே உப்பை வடிக்கும் மெம்பிரேன்தான் போயிருக்கும் என்று மெக்கானிக் சுயம்புலிங்கத்தைக் கூப்பிட்டார். தென்காசிப் பக்கத்துக்காரர். வந்தவர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் பிடித்துத் தானே குடித்தார்.

"தண்ணில ஒரு குத்தமும் இல்ல பாய். மெம்பிரேனும் நல்லாத்தான் இருக்கு. சும்மா எதுக்கு மாத்தச் சொல்லுதீங்க?"

"அவளுக்கு இரும்பு வாசனை அடிக்குதாம்ப்பா."

சுயம்புலிங்கம் உள்ளறைப் பக்கம் ஒரு கணம் பார்த்தார். பிறகு மெதுவாக, "வேற தண்ணி குடுத்துப் பாத்தீங்களா பாய்?" என்றார்.

பார்க்கவில்லை. அது தோன்றவே இல்லை. அன்று மதியம் கீழ் வீட்டிலிருந்து கேன் தண்ணீர் ஒரு டம்ளர் வாங்கிவந்து, எதுவும் சொல்லாமல் கொடுத்தார். இரும்பு என்றாள். இளநீர் வாங்கி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அதுவும் இரும்பு.

பீர் முஹம்மது நாற்காலியில் உட்கார்ந்தார். கோளாறு சுவரில் மாட்டிய பெட்டியில் இருந்தால் பிரித்துப் பார்க்கலாம். இதை எங்கே பிரிப்பது?

"தண்ணில இல்ல ஜஹீதா" என்றார். "உன் நாக்குலதான் கீது. மருந்தோட வேலை."

"தெரியும்ங்க. நர்சம்மா அப்பவே சொல்லிச்சு."

"தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லல?"

அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முக்காடு நழுவியிருந்தது. முடியற்ற தலையை மூட இப்போதெல்லாம் அவர் முன்னால் அவள் அவசரப்படுவதில்லை.

"எதிர்ல குந்திக்கினு என் மூஞ்சையே பாத்துக்கினு இருந்தீங்க. எனக்கு பயமா இருந்துச்சு. நான் போய்டுவேன்னே முடிவு பண்ட்டீங்களோன்னு. ஸ்பேனர எடுத்த அப்பால தான் பழையபடி மனுசனா நடமாடுனீங்க. வீட்ல டக்கு டக்குன்னு சத்தம் கேக்கச் சொல்லோ நல்லா தூக்கம் வந்துச்சு."

அவர் நாற்காலியைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டார். அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். தையற்காரர் அழுவதைப் பார்க்காமல் இருக்க ஜஹீதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனாலும் தண்ணீர் உள்ளே போயாக வேண்டுமே. எலுமிச்சை பிழிந்தால் வாய்ப்புண் எரிந்தது. சுயம்புலிங்கத்துக்கு மறுபடி போன் போட்டார்.

"மெஷின் உள்ளார ஒரு சின்ன திருகு இருக்கும் பாய். அதைத் திருப்புனா உப்புச்சத்து கொஞ்சம் கூடும், ருசி மாறும். ஒரேயடியா திருப்பிராதீங்க. டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

டாக்டரைக் கேட்டார். லேசாகக் கூட்டலாம், ஆனால் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

அன்று முதல் அது இருவருக்குமான வேலையாயிற்று. ஊசிமுனை அளவு திருகைத் திருப்புவார், மீட்டரை முக்குவார், காய்ச்சுவார், ஆற்றுவார். அவள் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்து ருசி பார்ப்பாள். "இது வாணாம்." "இது பரவால்ல." "கொஞ்சூண்டு பின்னாடி போங்க." ஒரு நாள் டம்ளரைக் கீழே வைக்காமல் முழுவதும் குடித்தாள். இரும்பு இருக்கிறதுதான், ஆனால் தொண்டையில் இறங்குகிறது என்றாள். அந்த இடத்தில் திருகை விட்டுவிட்டார்.

சிகிச்சை முடிந்தது. தலையில் பூனைமுடி மாதிரி முளைத்தது. ஒரு மத்தியானம் பீர் முஹம்மது சோறு ஆக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"இன்னாங்க இது! தண்ணி உப்புக் கரிக்குது!"

கரண்டியோடு ஓடினார். "இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

"உப்புக் கரிக்குதுன்றேன். காது கேக்கலியா?"

"இரும்பு?"

அவள் மறுபடி ஒரு மடக்கு குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டியவள், அப்போதுதான் விஷயம் புரிந்து சிரித்துவிட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதற்கு முன்னால் ஷார்ஜாவுக்குப் போன் போட்டார். "ஆஃப்ரீன், உங்கம்மாவுக்குத் தண்ணி உப்புக் கரிக்குதாம்மா!" அந்தப் பக்கம் மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுதுகொண்டே சிரிக்கும் அத்தாவின் குரல் மட்டும் விளங்கியது. அவளும் சேர்ந்து அழுதாள்.

ஜஹீதா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "உங்க அத்தா சோத்த அடுப்புலயே வுட்டுட்டு ஆடிக்கினு கீறாரும்மா. தீயுது. நீ அப்பால பேசு."