தொட்டி மேல் ஏறியவன்

ஊர் அழிகிற படமென்றால் எனக்கு உயிர். ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு முதல் ஆட்டத்துக்கே போய்விடுவேன். கட்டிடம் சரியும், பாலம் முறியும், ஆயிரக்கணக்கில் ஆட்கள் சாவார்கள்; நாங்கள் விசிலடிப்போம். நாய்க்குட்டி ஒன்று பிழைத்துவிட்டால் மட்டும் தியேட்டரே எழுந்து கைதட்டும். மனுஷனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

அந்தத் தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டுகிறவள் டெய்சி. கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்குப் புருஷன் கிளெமென்ட்டோடு வேளாங்கண்ணி போனாள். மறுநாள் காலை அவன் மொட்டை போட்டுக் கடலில் குளிக்கப் போனான். இவள் கோயிலில் பூசைக்கு நின்றாள். சுனாமி வந்தது. வரிசையாகக் கிடத்தியிருந்த பிணங்களில் பாதி மொட்டைத் தலை. எவன் தன் புருஷன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. இருபது வருஷமாகக் கல்லறைத் திருநாளுக்கு அவன் பேருக்கு அவள் மெழுகுவத்தி ஏற்றியதில்லை. ஏற்றினால் செத்தது உறுதியாகிவிடுமாம்.

போன வருஷம் பெரிய அலைப் படமொன்று வந்தது. நானும் தொண்டை வற்ற விசிலடித்தேன். வெளியே வந்ததும் டெய்சி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சுருளிண்ணே, அலை வரும்போது ஓரத்துல ஒரு மொட்டைத்தலை ஆளு தண்ணித்தொட்டி மேல ஏறுறான், பாத்தீகளா?"

"இல்லையேம்மா."

"நாலு ஆட்டமும் அவனைத்தான் பாக்குறேன். ஏறுனதும் இடைவேளைக்குக் கதவத் தெறக்க ஓடணும். அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல. செத்த பாத்துச் சொல்லுங்கண்ணே."

வெட்கமாக இருந்தது. அத்தனை பேர் ஓடியதில் ஒருவனைக்கூட நான் பார்க்கவில்லை. மறுநாள் மறுபடி டிக்கெட் எடுத்து, அந்த ஓரத்தையே பார்த்தேன். ஏறினான். நின்றான். அடுத்த அலை தொட்டியோடு அவனைக் கொண்டுபோனது. என்னைச் சுற்றி ஒரே விசில். எல்லோரையும் அறையவேண்டும் போலிருந்தது.

கதவருகே டெய்சி நின்றிருந்தாள்.

"தப்பிச்சிட்டாம்மா."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியமா."

அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒருத்தனாச்சும் கரையேறிட்டானே. போதும்ணே."

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாளன்று என் ஆட்டோவில்தான் கல்லறைக்குப் போனாள். கிளெமென்ட் பேருக்கு முதல் மெழுகுவத்தியை ஏற்றினாள். காற்றில் அணையாமல் நான் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். பொய்ச் சத்தியத்துக்கு என்ன தண்டனையோ, அது எனக்கே வரட்டும்.